பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்கிறவர்களில் ஒரு சாராருக்கு 'ஒரிஜினல்' என்பது வேதவாக்கு. கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கவேண்டுமாம். பிரேக்கை மாற்றினால்கூடத் தீட்டாம்! இவர்களை 1960-களின் அம்பாஸடர் ஒன்றில் ஏற்றி, தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் விட்டுப் பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் முன்னே போகிறவன் என்ன பாவம் செய்தான்?

அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இறக்கம் நெடுக மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும். லைனிங்கின் பிடிப்பும் தளரும். பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் கைவிட்டது போலத்தான். "கியரைக் குறைத்து இறங்கத் தெரிய வேண்டும், ஐயா" என்பார்கள். வாஸ்தவம். முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் கியரா வந்து காப்பாற்றும்? காற்றுப்படும் டிஸ்க்கும், இரு வழியாகப் பிரிந்த எண்ணெய்க் குழாயும்தான் காப்பாற்றும்.

இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிர். புது எஞ்சின், ஏ.சி., பாட்டுப் பெட்டி எல்லாம் வைப்பார்கள்; பிரேக் மட்டும் தாத்தா காலத்தது. ஓடும் வேகத்தைக் கூட்டிவிட்டு நிற்கும் வலுவைக் கூட்டாதவனுக்கு ரசிகன் என்றா பெயர்?

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் கூடாது என்கிறது. பெயர் சொல்லித் தடுத்த அந்த மூன்றில் பிரேக் இல்லை. சட்டத்துக்கு இருக்கும் விவேகம் பக்தர்களுக்கு வேண்டாமா? மாற்றத்தை முறைப்படி அதிகாரிகளிடம் தெரிவித்து அனுமதி பெறட்டும். ஒளித்துச் செய்ய இது திருட்டுக் காரியமல்ல.

பழமைக்குத் திருவாரூர் ஆழித்தேரைவிட என்ன சாட்சி? அதற்கே திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். தேரின் மகிமை குறைந்துவிட்டதென்று வடம் பிடிக்க வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. தியாகராஜர் சம்மதித்த பிரேக்கை அம்பாஸடர் மறுக்குமா?