உமி வாசனையில் எவன் படிப்பான்?

போன மாதம் உத்திரமேரூரில் ஒரு கல்யாணப் பந்தி. பேச்சு எப்படியோ மூடிக் கிடக்கும் ரைஸ் மில்களின் பக்கம் திரும்பியது. கல்லூரி எதுவும் வருவதாக இருந்தால் இப்படி ஒரு மில்லைச் சீர்செய்து நூலகமும் ஆய்வகமும் வைக்கலாமே என்று நான் வாயைக் கொடுத்தேன். பக்கத்து இலையில் இருந்தவர் கட்டட கான்ட்ராக்டர். சாதம் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உமி வாசனையில எவன் சார் படிப்பான்? இடிச்சித் தள்ளிட்டுப் புதுசாக் கட்டறதுதான் சார் முறை." எதிர்வரிசையும் தலையாட்டியது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பழைய தொழிற்கூடம் என்றாலே இடிக்கத்தான் லாயக்கு என்று நம்புகிறவர்களை ஒரு வேனில் ஏற்றிச் சென்னை திருவல்லிக்கேணி கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் வாசலில் இறக்கிவிட வேண்டும். 1842இல் பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடரின் கம்பெனி கட்டிய கிடங்கு அது. அமெரிக்காவில் உறைந்த குளங்களில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடல் தாண்டிக் கொண்டுவந்து அடுக்கி வைத்த இடம். வெயிலும் காற்றும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்றே கட்டியது. நீராவி இயந்திரத்தால் இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். இடிக்கவில்லை. ஜன்னல் திறந்தார், தாழ்வாரம் சேர்த்தார், குடியேறினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். பின்னால் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளை அதே கட்டிடத்தில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அதற்கும் பிறகு ஆசிரியப் பயிற்சி மாணவிகளின் விடுதி. காற்றே புகாதபடி கட்டிய ஐஸ் கிடங்கில் பெண்கள் தங்கிப் படித்து டீச்சர் ஆகியிருக்கிறார்கள். ஐயா, உங்களுக்கு உமி வாசனை தாங்கவில்லையா? கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே மாதிரி ஐஸ் கிடங்குகள் இருந்தன. இரண்டும் இன்றைக்கு இல்லை. அங்கேயும் ஏதோ பந்தியில் நம் கான்ட்ராக்டரின் தாத்தா உட்கார்ந்திருப்பார்.

ஒரு பழைய மில்லுக்குள் நுழைந்து நிமிர்ந்து பாருங்கள். கனத்த செங்கல் சுவர். உயரமான கூடம், சூடு மேலேறி வெளியே போக உச்சியில் திறப்பு. நெல் அரைக்கும் ஹல்லர் நின்ற மேடையில் எண்ணெய்க் கறை, சட்டங்களில் விரல் வைத்தால் தவிடு. வெளியே நெல் ஊறப்போட்ட தொட்டிகள், அதையடுத்து காலை முழுக்க வெயில் விழும் களம். வாசிப்பறைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கம்பி இழுக்க வேண்டும், கழிப்பறை கட்ட வேண்டும், ஓடு மாற்ற வேண்டும். செய்யுங்கள். புதுக் கட்டிடத்துக்கும் இதெல்லாம் சும்மாவா வரும்?

இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தின் நூலகம் 1907இல் கட்டிய ரயில்வே சரக்குக் கிடங்கு. பார்சிலோனாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தண்ணீர்த் தேக்கக் கட்டிடத்துக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் புத்தகங்கள் இருக்கின்றன. "அவன் வெள்ளைக்காரன் சார்" என்பீர்கள். தெரிந்துதான் முதலில் ஐஸ் ஹவுஸைச் சொன்னேன்.

பெரம்பூரில் பின்னி மில் 1996இல் மூடியது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று 1918இல் அந்த மில் தொழிலாளர்களைத் திரட்டித்தான் உருவானது. அங்கே ஒரு பல்கலைக்கழகமே வைத்திருக்கலாம். சினிமாக்காரர்கள் வில்லனை அடிக்க வாடகைக்கு எடுத்தார்கள். அப்புறம் அடுக்குமாடி வந்தது.

இதையெல்லாம் உத்திரமேரூரில் உட்கார்ந்து பேச வேண்டியிருப்பதுதான் கொடுமை. குடவோலை முறையைச் சொல்லும் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருஷமாக இருக்கிறது. 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். புதுக் கட்டிடத்தின் பெருமையைப் பேசவும் பழைய சுவர்தான் தேவைப்பட்டது! கல்யாணப் பத்திரிகையில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று போட்டுக்கொள்கிறோம். நூறு வருஷக் கட்டிடத்தைப் பார்த்தால் மட்டும் கை கடப்பாரையைத் தேடுகிறது.

புதிதாகக் கட்டுவதாவது உருப்படியாக இருக்கிறதா? செங்கல்பட்டு வெயிலில் நாலு மாடிக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டு, உள்ளே மாணவனை வேகவைத்து, அப்புறம் ஏசி போடுவார்கள். வாசலில் ரோமாபுரித் தூண்களோடு ஒரு ஆர்ச். ஆர்ச்சுக்கு ஆன செலவில் பாதிகூட நூலகத்துக்கு ஆகியிருக்காது. அதுவும் ஆய்வுக்குழு வருகிற அன்றுதான் திறந்திருக்கும். பொறியியல் கலந்தாய்வில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் இடங்கள் காலி. ஆர்ச்சைப் பார்த்தும் பையன்கள் வரவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இடிக்கிற மில்லின் தேக்கு உத்திரம் எங்கே போகிறது? செட்டிநாட்டு வீடுகளை இடித்தபோது தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து பண்ணை வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் 'ஹெரிடேஜ்' விலையில் போகின்றன. ஆக, பழசு வேண்டாம் என்பது ஊருக்குச் சொல்கிற பேச்சு. நாளைக்கு இங்கே மில் இடிக்கிற டெண்டர் வந்தால், செங்கல் எத்தனை லோடு, தேக்கு எத்தனை கன அடி, என்ன விலைக்கு யாருக்குப் போகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உமி வாசனையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.