புதிரும் வியாபாரமும்

செல்போனில் மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைப்பதும், எழுத்துகளை அடுக்கி வார்த்தை கண்டுபிடிப்பதுமான சில்லறைப் புதிர் விளையாட்டுகளைப் பற்றி இப்பொழுது இரண்டு விதமான கூச்சல் கேட்கின்றது. ஒரு கூட்டத்தார் இதனால் நாடே குட்டிச்சுவராய்ப் போய்விட்டது என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார் இதனால் மூளை கூர்மையடைகின்றது என்கின்றார்கள். இந்த இரண்டுமே சரியல்ல என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் திட்டுகின்றவர்களுடைய யோக்கியதையைப் பார்ப்போம். மாலைதோறும் கிளப்பில் உட்கார்ந்து நடுநிசி வரையில் சீட்டாடிவிட்டு வரும் கனவானை இவர்கள் கண்டித்ததுண்டா? விடிந்தது முதல் அடுப்படியில் வெந்து கிடந்த ஒரு பெண், மத்தியானம் அரைமணி நேரம் போனைக் கையில் எடுத்துவிட்டால் மாத்திரம் குடும்பமே கெட்டுப் போய்விட்டதாம்! ஓய்வு என்பது ஆணுக்கு உரிமை, பெண்ணுக்குக் குற்றம் என்கின்ற பழைய கணக்கைத் தவிர இதில் வேறென்ன நியாயம் இருக்கின்றது? 2014-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கமிட்டி ஒன்று பென்ஷன் விஷயத்தை விசாரித்துக் கொண்டிருக்கையில், நைஜல் மில்ஸ் என்னும் மெம்பர் மிட்டாய் உடைத்துக் கொண்டிருந்து, பிறகு மன்னிப்புக் கேட்டார். சட்டம் செய்கின்றவருக்கே அந்த ஆசை இருக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூலியாளைக் கோபித்து என்ன பயன்?

ஜனங்கள் இதை விரும்புவதில் மாயமொன்றுமில்லை. மில்லில் 8 மணி நேரம் உழைக்கின்றவனுக்குத் தன் உழைப்பின் முடிவு கண்ணில் படுவதில்லை. ஆபீசில் மனுக் கொடுத்தவனுக்கு என்றைக்குப் பதில் வருமென்று தெரியாது. புதிரிலோ விதி முன்னமே தெரியும், 5 நிமிஷத்தில் முடிவும் தெரியும். சிபார்சு வேண்டாம், நீ என்ன ஜாதி என்று அது கேட்பதுமில்லை. 1984-ல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞான அக்கடமியில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த அலெக்ஸி பஜித்நோவ் என்பவர் ‘டெட்ரிஸ்’ என்ற விளையாட்டைச் செய்தார். நாலு நாலு கட்டம் சேர்ந்த 7 வடிவங்கள் மேலிருந்து விழும். இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். உலகமே அதை ஆடிற்று. (செய்தவருக்கு அதில் வருமானம் வரத் தொடங்கியதோ 1996-க்குப் பிறகுதான் என்பது வேறு கதை.)

2021-ல் ஜோஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட ‘வேர்டில்’ என்ற வார்த்தைப் புதிரோ, ஒரு நாளைக்கு ஒரே வார்த்தை, 5 எழுத்து, 6 முயற்சி என்பதோடு நின்றது. முடிந்ததா, போய் உன் வேலையைப் பார் என்று சொல்லுகின்ற விளையாட்டு அது. அதை நாம் குறை சொல்லவில்லை.

2012-ல் கிங் கம்பெனியார் வெளியிட்ட ‘கேண்டி கிரஷ் சாகா’வின் சங்கதி வேறு. ஆட்டம் இலவசம். 5 உயிர் கொடுப்பார்கள். தோற்றால் ஒன்று போகும். அது திரும்பி வர 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மாட்டாதவன் காசு கொடுக்கலாம். இன்னும் ஒரே நகர்த்தலில் ஜெயித்துவிடலாம் என்கின்ற இடத்தில் நகர்த்தல் தீர்ந்துபோனால், மேற்கொண்டு 5 நகர்த்தல் விலைக்கு வரும். எந்த மிட்டாய் எப்போது விழும் என்பதோ ஆடுகின்றவன் கையில் இல்லை. நடுநடுவே ஒரு கனத்த குரல் ‘டிவைன்’, அதாவது தெய்வீகம் என்று மெச்சும். அந்த வார்த்தையைச் சொல்லிக் காசு பறிப்பது நமக்கொன்றும் புதிதல்ல!

இக்கம்பெனியார் 2014-ல் பங்கு விற்க வந்தபோது, ஆடுகின்றவர்களில் 100-க்குச் சுமார் 4 பேர்தான் பணம் கொடுப்பதாகத் தெரியவந்தது. 2016-ல் அக்கம்பெனி 590 கோடி டாலருக்கு விலை போயிற்று. இலவசமாய்க் கொடுத்த பண்டத்துக்கு இவ்வளவு விலை எங்கிருந்து வந்தது? காத்திருக்க முடியாத அந்த 4 பேரிடமிருந்துதான்.

இனி மூளை வளர்ச்சிக்காரர்கள். ஒரு புதிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் புதிரில் கை தேறும் என்பதில் சந்தேகமில்லை. பல்லாங்குழி ஆடினால் பல்லாங்குழி வரும். அதனால் வழக்குப் பேசும் திறமை வந்துவிடுமா? ‘லுமாசிட்டி’ என்னும் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்றவர்கள், பள்ளிப் படிப்பும் வேலைத் திறமையும் உயரும், வயோதிக மறதி தள்ளிப் போகும் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் அதற்குத் தக்க ஆதாரமில்லையென்று வழக்குப் போட, 2016-ல் அவர்கள் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஆகவே ‘பையன் விளையாடவில்லை, மூளையைத் தீட்டுகின்றான்’ என்று சொல்லும் பெற்றோர், அவன் விளையாடுகின்றான் என்றே சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் குழந்தை கையில் கொடுக்கும் போனில் பணம் போகும் வழியும் திறந்திருக்கின்றது. பிள்ளைகள் இப்படிப் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கிய வகைக்காக, அதே கமிஷனின் நடவடிக்கையால் 2014-ல் ஆப்பிள் கம்பெனி குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கே கேட்க ஒரு கமிஷன் இருந்தது. இங்கே இருக்கின்றவர்கள், போனைக் கொடுப்பதற்கு முன்னால் பணம் கட்டும் இடத்துக்குப் பாஸ்வேர்டு போட்டு, அதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருப்பார்களாக.