மனநோயும் நோய்தான்

பால் வெட்டும் கத்தி கையில் பட்டால் தொழிலாளி டாக்டரிடம் போகிறான். காய்ச்சல் என்றால் மருத்துவச் சீட்டு வாங்குகிறான். ஆனால் உறக்கமின்றி, உணவு செல்லாமல், மனம் நொந்து மாதக்கணக்கில் கிடந்தால் எங்கும் போவதில்லை. “சோம்பேறி” என்கிறது நிர்வாகம். “காத்து கருப்பு” என்கிறது வீடு. “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய ஆள்” என்று சிரிக்கிறது கடைத்தெரு.

இப்படி ஒருவரை நாம் அறிவோம். ஆண்டாண்டு காலம் தவறாமல் பெரட்டுக்கு வந்தவர். மனைவி இறந்தபின் வரவு குறைந்தது. எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. பிறகு வேலையும் போயிற்று. அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதியது இத்தலையங்கத்தை எழுதும் கைதான். ஏன் வரவில்லை என்று நிர்வாகம் கேட்கவில்லை, கிராணி கேட்கவில்லை, சங்கக் கிளையும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

இது ஒருவர் கதையன்று. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019-ல் மனச்சோர்வு நோய் கண்டிருந்தவர்கள் பெரியவர்களில் 2.3 விழுக்காடு, 2023-ல் 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரட்டிப்பு!

“இன்சூரன்ஸ் கார்டு உள்ளவனுக்குத்தானே இந்த வைத்தியமெல்லாம்?” என்பார்கள். தவறு. குடிமகனுக்கு அடையாளக் கார்டே போதும். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, “மனம் சரியில்லை” என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் டாக்டரே மலாக்கா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்.

அரசாங்க உதவித் தொகையான எஸ்.டி.ஆர். பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கும் அவர்தம் துணைக்கும் பெக்கா பி40 திட்டம் 2019 முதல் இருக்கிறது. அதன் இலவசப் பரிசோதனையில் மனநலமும் அடங்கும். போக முடியாத வேளையில் 15555 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

டாக்டர் ஓய்வு எழுதினால், நோய் மனத்தில் என்றாலும் அது நோய் விடுப்புதான். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க மறவாதீர்கள். நோய் முற்றி, இனி உழைக்க இயலாது என்ற நிலை வந்தால், சந்தா நிபந்தனை நிறைவேறியவர்கள் சொக்சோவிடம் இயலாமைப் பென்ஷனுக்கு மனுச் செய்யலாம். மாதந்தோறும் நம் சம்பளத்தில் பிடிக்கும் காசு அது, தருமமன்று.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் மீது போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மறைத்த குடும்பங்கள் உண்டு. அந்த 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டது. இனி அவரைத் தயங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வழி இருக்கிறது என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய வெட்டு போகிறது. மனக்குறையை மலாயில் சொல்ல வராதவர் என்ன செய்வார்? ஆகவே நாம் கேட்பவை: டாக்டரிடம் அனுப்பாமல் எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதை நிர்வாகங்கள் நிறுத்த வேண்டும். தமிழில் பேசும் ஆலோசகர்களை அரசாங்கம் மலாக்காக் கிளினிக்குகளில் அமர்த்த வேண்டும். நோயாளியுடன் கூடப் போக, ஒவ்வொரு கிளையும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும்.

தோழர்களே! மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள்; யாரும் தடுக்கவில்லை. கிளினிக்குக்கும் போங்கள். பெரட்டுக்கு ஒருவர் மூன்று நாள் வராவிட்டால், நான்காம் நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். சங்கம் என்பது அதற்குத்தான்.