அடிபட்டது பிள்ளைக்கு, தண்டனை தாய்க்கா?

காப்பகத்தில் விட்டிருக்கும் குழந்தைக்கு ஒரு அடி பட்டுவிட்டால் போதும், அன்று ராத்திரியே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடுகிறது. அதில் காப்பகத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தால், பிள்ளையைப் பெற்றவள் வேலைக்குப் போகலாமா, கூடாதா என்றுதான் பேசுகிறார்கள். என் தங்கை வீட்டிலும் இதுவே நடந்தது.

தங்கை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மாப்பிள்ளைக்கும் கம்பெனி வேலைதான். இரண்டரை வயதுப் பையனைப் பக்கத்துத் தெருவில் உள்ள காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் காற்றில் கதவு அடித்து, கீல் பக்கம் கையை வைத்திருந்த பையனுக்கு நடுவிரல் நசுங்கிவிட்டது. நகம் பெயர்ந்து, மூன்று தையல். பார்க்கவே மனசு ஆறவில்லை.

அன்று ராத்திரி தங்கையின் மாமியார் கேட்டது இதுதான்: "ஏம்மிணி, நாலு காசுக்காகப் பச்சப் புள்ளைய இப்படி ஊரான் கையில விட்டுட்டுப் போகோணுமா?" பெரியம்மா, சித்தப்பா, அக்கம்பக்கத்தார் என்று வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அதே வீட்டில், அதே பிள்ளைக்கு அப்பாவாக மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார். "நீ வேலையை விட்டுடறியாப்பா?" என்று அவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நான் வேலைக்குப் போகிறவள் இல்லை. வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். அதனால் எனக்கு ஒன்று தெரியும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அடி படும். நாலு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே கட்டிலிலிருந்து உருளும். கொதிக்கிற ரசத்தை இழுக்கும். தவழும் குழந்தைக்குப் பாதி வாளித் தண்ணீர்கூட ஆபத்துதான். ஆனால் வீட்டில் அடிபட்டால் "கண் பட்டிருக்கும்" என்று சுற்றிப் போட்டுவிட்டு முடித்துக் கொள்கிறோம். வெளியே அடிபட்டால்தான் பெற்றவளைக் கூண்டில் ஏற்றுகிறோம்.

அதற்காகக் காப்பகத்தில் என்ன நடந்தாலும் பொறுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. காயம் பெரிதா, சின்னதா என்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள் என்கிறேன். காயம் பட்ட பிறகு அவர்கள் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்.

தங்கைக்குப் பத்தே நிமிடத்தில் போன் வந்துவிட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் பையனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். ஆயாம்மா மடியில்தான் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா தானாகவே சொன்னார்: "நாந்தானுங்க அந்தப் பக்கம் இன்னொரு புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தேன். காத்துல கதவு அடிச்சிருச்சுங்க. நான் பாத்திருக்கோணும்." காப்பகம் நடத்தும் அம்மாவும் இதையேதான் சொன்னார். எத்தனை மணிக்கு நடந்தது, அப்போது யார் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதித் தங்கையிடம் காட்டினார். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் உள்ளறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டிருந்தார்கள். வாசல் கதவு அடிக்காமல் இருக்கக் கொக்கி மாட்டியிருந்தார்கள். இதற்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும்?

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு நடந்தது வேறு. அவள் குழந்தைக்குத் தொடையில் ஒரு சூட்டுத் தழும்பு. காலணா அளவுதான், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. காப்பகத்தில் கேட்டபோது முதலில் பால் கொட்டிவிட்டது என்றார்கள். சாயங்காலம், வரும்போதே இருந்தது என்றார்கள். மறுநாள் வேறொரு பிள்ளை மேல் பழி. மூன்று கேள்விக்கு மூன்று பதில். அந்த வாரமே பிள்ளையை நிறுத்திவிட்டாள். நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். இத்தனைக்கும் மூன்று தையல் போட்ட விரலைவிட இது சின்னக் காயம்தான்.

பிள்ளை சொல்வதையும் கேட்க வேண்டும். காலையில் விடும்போது அழுவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று குறிப்பிட்ட ஒருத்தரைக் கண்டால் ஒளிந்துகொண்டாலோ, படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தாலோ "அடம் பிடிக்குது" என்று விட்டுவிடக் கூடாது. சந்தேகம் பலமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கூப்பிடப் பைசா செலவில்லை.

தங்கை உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பத்து நாள் லீவு போட்டுப் பையனைப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் மூன்று முறை, சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் காப்பகத்துக்குப் போனாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். சாப்பாட்டு நேரம், தூங்க வைக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். தலையை எண்ணினாள். மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒரு ஆள், கூட ஒரு உதவியாள் என்று மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு குழந்தைக்கு ஒரே ஆயாம்மா. சோறு ஊட்டும் நேரத்தில் கதவைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது இதனால்தான். இன்னொரு ஆள் போட்டால் பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். மற்றத் தாய்மார்களும் சேர்ந்து கேட்டார்கள். மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். சில இடங்களில் கேமரா வைத்துச் செல்போனிலேயே காட்டுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் கேமரா பிள்ளையின் கையைக் கதவிலிருந்து எடுத்து விடாதே!

இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டால் முதலில் என்ன செய்வார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? காயத்தில் காபித்தூள் அப்புகிற, தீப்புண்ணில் பற்பசை தடவுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. சூடு பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கித் தூங்கினாலோ, ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ஆயாம்மாவுக்கு இது தெரியாவிட்டால் நாம் சொல்லிக் கொடுக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும்தான்!

மாமியாருக்கு இன்னும் முழு மனசு இல்லை. அவர் கவலையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பேரன் மேல் உயிர். ஆனால் மாப்பிள்ளையிடம் ஒரு மாற்றம். வாரத்தில் மூன்று நாள் அவரே பையனைக் கொண்டு போய் விட்டு, அழைத்து வருகிறார். ஆயாம்மா பெயர்கூட இப்போதுதான் அவருக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் எல்லாம் கம்பெனி மேல்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்களே! தங்கை கம்பெனியில் முந்நூறு பேருக்குக் குறையாது, பாதிக்கு மேல் பெண்கள். காப்பகம் என்று பலகை மாட்டிய அறையும் இருக்கிறது. உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். பால்வாடியில் விடலாம் என்றால், அதுவும் கம்பெனி விடும் நேரம் வரை இருக்காது. அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டு அறையைத் திறந்து விடச் சொல்லி, தங்கையும் இன்னும் ஆறு பெண்களும் போன மாதம் மேனேஜரிடம் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கி மேஜை மேல் வைத்தாராம். இன்னும் பதில் இல்லை.

— ஒரு வாசகி, ஈரோடு