நெடி ஏறினால் சுத்தமா?

வெள்ளம் வடிந்த மறுநாளே சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் ஒரு யோசனை கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிடும். பிளீச்சிங் பவுடரைத் தூவு, போகாத கறைக்கு ஆசிட் ஊற்று, கடைசியில் பினாயில் போட்டுத் துடை. செலவும் குறைவு, கிருமியும் காலி. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது இதே யோசனை இன்னொரு சுற்று வரும். செலவு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் அந்தத் தூவல். மழைக்குப் பின் தெருவோரம் கோலப்பொடி மாதிரி வெள்ளையாகத் தூவிவிட்டுப் போவதைப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்குள்ளும் அதையே கேட்கிறது. பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது குளோரின். அது தண்ணீரில் கரைந்தால்தான் கிருமியைத் தொடும். சேற்றின் மேல் கொட்டினால் சேற்றில் இருக்கும் கழிவே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த மாதிரி மழையில் வீட்டுக்குள் வருவது வெறும் மழைத்தண்ணீர் அல்ல. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்கும் சேர்ந்து பொங்கி வருகிறது. 2023 மிக்ஜாம் புயலின்போதும் பல தெருக்களில் இதே கதைதான்.

அதனால் வரிசைதான் முக்கியம். ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு (எலிக் காய்ச்சல் கால் வெடிப்பு வழியாகவும் ஏறும்) சேற்றை வாரிக் கொட்டுங்கள். பிறகு துணி துவைக்கும் சோப்புத் தூளும் தென்னந்துடைப்பமும். தரை நிறம் தெரிந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடரின் முறை: 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் போதும். கலக்கி வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். போன வருடம் பிரித்து மூலையில் வைத்த பாக்கெட் வேண்டாம். காற்றுப்பட்டால் குளோரின் போய்விடும், மிஞ்சுவது சுண்ணாம்புதான். சம்ப்பிலும் பாக்கெட்டோடு கவிழ்ப்பவர்கள் உண்டு. வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

அடுத்தது, பவுடரையும் ஆசிட்டையும் கலந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை. ஆபத்தானது இதுதான். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயுவாகக் கிளம்பும். முதல் உலகப் போரில் எதிரிப் படை மீது திறந்துவிட்டார்களே, அதே வாயு. டாய்லெட் கிளீனர் பெரும்பாலானவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான்; ஆகவே 'நான் ஆசிட்டே வாங்குவதில்லை' என்பவரும் தப்பவில்லை. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. நம் வீட்டுப் பாத்ரூம்களில் வென்டிலேட்டர் எங்கே இருக்கிறது? கூரையை ஒட்டி. வாயு தங்குவது தரையோரம், அங்கேதான் ஒருவர் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார். மார்கழியில் சாரலுக்கும் குளிருக்கும் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வந்து கதவைத் திறந்து விடுங்கள். கழுவி முடிக்கலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். மூச்சு வாங்கினால் 108.

'உப்புக் கறைக்கு ஆசிட்டை விட்டால் வழி ஏது?' என்பார்கள். நியாயமான கேள்வி, போர்வெல் தண்ணீர் உப்பு அப்படி. ஆனால் ஆசிட் கறையை மட்டும் பார்த்துத் தின்பதில்லை. கடப்பா கல் சுண்ணாம்புக் கல். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் துண்டும் சிமென்ட்டும். இரண்டையும் ஆசிட் அரிக்கும். அரித்த இடம் சொரசொரத்து இன்னும் வேகமாக அழுக்கு பிடிக்கும். குழாயில் படிந்த உப்புக்கு, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போதும். வினிகரும் அமிலம்தான், அதையும் பிளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டுபோகக் கூடாது, கல் தரையிலும் ஊற்றக் கூடாது. ஆப்ப சோடாவோடு வினிகரைக் கலந்து நுரை பொங்குவதை ரசிக்கும் வீடியோக்களைப் பற்றி ஒரு வரி: ஒன்றை ஒன்று முறித்துக்கொள்கின்றன, அவ்வளவே.

ஆசிட் விற்பனையில் இன்னொரு கோணமும் உண்டு. 2013-ல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது என்றது. பழைய குடிநீர் பாட்டிலில் லேபிள் இல்லாமல் ஊற்றித் தருவதை வாங்கி வைத்தால், தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீர்தான்.

பினாயிலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசனை ஈரத்தை மறைக்கும், போக்காது. சுவரில் பூஞ்சை கறுத்திருந்தால் காற்றோட்டமும் உலரவிடுவதும்தான் மருந்து; அதன் மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் உரிந்து வரும்.

கடைசியாக, 'தண்ணீர் வடிந்துவிட்டதே, மோட்டாரைப் போட்டு வீட்டைக் கழுவிவிடலாம்' என்ற அவசரம். மூழ்கிய மோட்டாரையும் நனைந்த பிளக் பாயின்ட்டையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். மெயின் அணைந்திருந்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு வயரிங்குக்குள் கரன்ட் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. அதையும் அணையுங்கள், நின்ற தண்ணீரில் கால் வைக்காமல். தெருக் கம்பத்திலோ பெட்டியிலோ கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சிலிண்டர் கசிவுக்கு 1906.

பெரும்பாலான வீடுகளில் பாத்ரூமைத் தேய்ப்பது அந்த யோசனையை அனுப்பியவர் இல்லை; அம்மாவோ, வேலைக்கு வரும் அக்காவோதான். அவர் கையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஏன் என்றும் சொல்லிக் கொடுங்கள்.