பட்டறிவுக்கு இடமில்லாத தொழில்

எண்ணெய், எரிவாயுத் தொழிலில் புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் நடக்கும் பாதுகாப்பு வகுப்பு வெறும் சடங்கு என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. ஒப்பந்தக்காரரும் சொல்கிறார், மூத்த தொழிலாளியும் சொல்கிறார். 'கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு வா' என்பதுதான் பல இடங்களில் வரவேற்பு. அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "வேலையில் இறங்கினால் தானாகத் தெரிந்துவிடும்."

வால்வு திருப்புவதும் குழாய் இணைப்பதும் அப்படித்தான் கைவரும். ஹைட்ரஜன் சல்பைடை அப்படிக் கற்க முடியாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு அது. காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்தும் நீங்கிவிட்டது என்று புதியவர் நினைப்பார். 700 பிபிஎம்மைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பக்கூடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தில் தேங்கும். மேட்டுக்கு ஓட வேண்டும், அதுவும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து ஓட வேண்டும். பட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றிருப்பவருக்கு இங்கே இரண்டாம் வாய்ப்பு இல்லை.

2. "ஆபத்து என்றால் கூட இருப்பவர்கள் காப்பாற்றுவார்கள்."

அந்த நல்ல மனசுதான் பலரைக் கொன்றிருக்கிறது. தொட்டி, குழி போன்ற மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் எச்சரித்தது. நண்பன் விழுந்ததைப் பார்த்தும், சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே குதிக்காமல் நிற்பது மனித இயல்பே இல்லை. அதனால்தான் முன்கூட்டியே சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

3. "அனுபவசாலிக்கு வகுப்பு எதற்கு?"

அனுபவம் தொழிலைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் இறந்த 15 பேரும் ஒப்பந்தப் பணியாளர்கள். பக்கத்து அலகை அன்று இயக்கத் தொடங்குகிறார்கள் என்பது தற்காலிக அலுவலக டிரெய்லர்களிலும் அருகிலும் இருந்த அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. எத்தனை ஆண்டு அனுபவமும் அந்த ஒரு தகவலுக்கு ஈடாகாது.

4. "பெரிய விபத்து நிர்வாகத்தின் தவறு. வகுப்பு என்ன செய்யும்?"

இதில் பாதி உண்மை. 1988 ஜூலை 6 இரவு, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை இயக்கினார்கள். வால்வு இல்லை என்ற செய்தி ஷிப்ட் மாறும்போது கைமாறவில்லை. அது நிர்வாகத்தின் தவறுதான். ஆனால் வெடிப்புக்குப் பிறகு என்ன நடந்தது? உத்தரவுக்காகத் தங்குமிடத்தில் காத்திருந்த பலர் புகையில் மாண்டார்கள். மேடையில் இருந்த 226 பேரில் 61 பேரே பிழைத்தனர். மீட்கப் போன படகின் இருவரோடு சேர்த்து 167 உயிர்கள் போயின. புதியவர்களுக்கான பாதுகாப்பு அறிமுகம் மேலோட்டமாக இருந்தது, உயிர்காப்புப் படகைக்கூட எல்லோருக்கும் காட்டவில்லை என்று விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990-இல் பதிவு செய்தார்.

உண்மையான குறை ஒன்று உண்டு. புரியாத மொழியில் படம் ஓட்டி, வருகைப் பதிவு வாங்கி அனுப்பும் வகுப்பு சடங்குதான். அதற்கு மருந்து வகுப்பை ஒழிப்பதல்ல, ஒழுங்காக நடத்துவது. வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைக்கு அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். சொன்னதை அவனையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேரும் தம்பிகளே, மூன்று கேள்விகளுக்கு விடை கேளுங்கள்: எந்த மணி எதற்கு அடிக்கும்? அடித்தால் எங்கே கூட வேண்டும்? ஆபத்தென்று தோன்றினால் வேலையை நிறுத்த எனக்கு உரிமை உண்டா? விடை கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.