வலை வீசும்போது சட்டை போடலாமா?

கேள்வி: ஊர் ஏரியை நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து மீன்பாசி குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் வெறும் உடம்போடுதான் வலை வீசுவார். இடுப்பில் லுங்கி, தலையில் துண்டு, அவ்வளவுதான். போன வாரம் மதியம் வீட்டுக்கு வந்தவர் தலை சுற்றுகிறது என்று படுத்தார், இரண்டு முறை வாந்தி எடுத்தார். சட்டை போட்டுக்கொண்டு போங்கள் என்றால், 'போட்டால் இன்னும் புழுங்கும்' என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

பதில்: அவர் சொல்வதில் பாதி சரிதான், தங்கச்சி. வியர்வை காயும்போதுதான் உடம்புச் சூடு இறங்குகிறது. நிழலில், காற்று வரும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் வெறும் உடம்புக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அவர் நிற்பது நடு ஏரியில். உச்சி வெயில் நேராக முதுகில் இறங்குகிறது. வேலை செய்வதால் உள்ளே ஏறும் சூட்டோடு இந்தச் சூடும் சேர்கிறது. தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை இருந்தால் வெயிலைத் துணி வாங்கிக்கொள்ளும். துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓடும், வியர்வையும் காயும்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நடவுக்கு வரும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எந்த அதிகாரியும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களே கண்டுபிடித்த உடுப்பு அது. ஆண்களுக்குத்தான் அது ஏனோ கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது!

ஏரியில் இன்னொரு சங்கடம் உண்டு. வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தண்ணீரில் பட்டுத் தெறித்துக் கீழிருந்தும் வருகிறது. முகவாய்க்கு அடியில், மூக்கு நுனியில், காது மடலில் எரிகிறது என்று வலைக்காரர்கள் சொல்வது அதனால்தான். கால் தண்ணீரில் குளுகுளுவென்று இருப்பதால் தலையும் முதுகும் காய்வதும் உறைப்பதில்லை. 'நம்ம கறுப்புத் தோலை வெயில் என்ன செய்யும்' என்பார்கள். தோல் தீய்வது குறையும், உண்மைதான். உடம்புச் சூடு ஏறுவதைத் தோலின் நிறம் தடுக்காது.

துணி எடுக்கும்போது ஒரு சின்னச் சோதனை. சட்டையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒளி பொட்டுப்பொட்டாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். பருத்தி நல்லதுதான், ஆனால் இழை நெருக்கமாக இருக்க வேண்டும். நைந்துபோன பழைய சட்டை வேண்டாம். மெல்லிய வெள்ளைச் சட்டை நனைந்தால் உடம்பு தெரியும் அல்லவா, வெயிலும் அதே வழியாகத்தான் நுழைகிறது. ஏரி வேலைக்கு வெளிர் நீலம், காக்கி போன்ற நிறங்கள் பரவாயில்லை. கறுப்பு வேண்டாம், சூட்டை இழுக்கும். வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போட்டுக்கொள்ளும் மெல்லிய பாலியஸ்டர் பனியனில் முழுக்கை வைத்தது கிடைத்தால் அதுவும் சரி. சீக்கிரம் காயும், கனக்காது. வீச்சுவலை வீசுகிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு, வலைக்கண்ணில் சிக்கப் பித்தான் இருக்காது. தடித்த, காற்றுப் போகாத பாலியஸ்டரை மட்டும் தொடாதீர்கள்.

லுங்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சட்டையைவிட அதுதான் கவலை. இடுப்பளவு தண்ணீரில் கால் சேற்றில் புதையும்போது நனைந்த லுங்கி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிடும். நீந்தத் தெரிந்தவரும் திணறுவார். இறங்கி நிற்கும் வேலைக்கு அரைக்கால் டவுசர் போதும். தெர்மாக்கோல் தெப்பத்தில் உட்கார்ந்து வலை கட்டுகிறவர், கணுக்காலில் இறுக்கமாக இருக்கும் டிராக் பேண்ட் போடலாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

முண்டாசு மண்டையைக் காக்கும், காதையும் பிடரியையும் காக்காது. முன்னால் மட்டும் நீட்டிய தொப்பியும் அப்படித்தான். சுற்றிலும் நான்கு விரல் அகலம் விளிம்புள்ள ஓலைத் தொப்பி கிடைத்தால் வாங்கி, தாடைக்குக் கீழே ஒரு நாடா தைத்துவிடுங்கள். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும், காயக் காய நனைக்க ஏரியே இருக்கிறது. கண்ணையும் மறக்க வேண்டாம். வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வது வருடக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களுக்கு அதிகம் வரும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடியால் பயனில்லை.

எவ்வளவு நல்ல சட்டையும் அக்னி நட்சத்திர மதியத்துக்கு ஈடு கொடுக்காது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் கடுமையான நேரம். மே மாதத்தில் அது ஏறக்குறைய காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை. விடியலில் இறங்கி 9 மணிக்குள் கரையேறினால் மீனும் கெடாது, காலைச் சந்தையும் கிடைக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு பிடிப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம் 1 மணி. இழுவலை பிடித்த ஒருவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். 'காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான்' என்று சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தடுமாறி விழுந்தவரைத் தூக்கியபோது உடம்பு அனலாகக் கொதித்தது. புங்க மரத்தடியில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறினோம். 108 வந்தது, பிழைத்துக்கொண்டார். அவர் அன்று ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. வெயிலில் ஒருவர் உளறினால், தள்ளாடினால், முதலில் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது அதற்கு முந்தைய படியாக இருக்கலாம். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வெயிலில் வேலை செய்வதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. ஏரிக்குப் போகும்போது உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்புங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை குடிக்கட்டும். குத்தகையில் சேர்ந்திருக்கும் மற்ற இருவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். உளறுகிறவருக்குத் தான் உளறுவது தெரியாது, பக்கத்தில் நிற்பவர்தான் கவனிக்க வேண்டும்.